பெரியவர்களுக்கான பாலுறவுப் பாதுகாப்பு: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் ஆலோசனைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஆண்கள் என்னிடம் கேட்டவை பாதி. பெண்கள் கேட்டவை எங்களோடு வேலை பார்க்கும் ஆலோசகர் அக்கா வழியாக வந்தவை. அவரவர் வாய்மொழியாகவே கேள்விகளை விட்டிருக்கிறேன். ஊரும் பேரும் மட்டும் இல்லை.

எல்லாமே 18 வயது நிறைந்து, இருவரும் மனமொப்பிச் சேர்கிற உறவைப் பற்றியவை. வயது அதற்குக் கீழே என்றால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் வந்துவிடும். "அந்தப் புள்ளையும் சம்மதிச்சுச்சு" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

வருகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் நாள் கடத்தியதால்தான் பெரிதாகியிருக்கிறது. ஆகவே மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியவற்றை முதலில் வைத்திருக்கிறேன்.

நேத்து ராத்திரி காண்டம் கிழிஞ்சிருச்சு. அவங்களப் பத்தி முழுசா எதுவும் தெரியாது. இப்ப என்ன செய்யணும்ணே?

முதலில் மணியைப் பாருங்கள். எச்.ஐ.வி. கிருமி உடம்பில் நிலைகொள்ளாமல் தடுக்க 'பெப்' என்று ஒரு மாத்திரை முறை இருக்கிறது. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 என்பது கடைசிக் கெடு. முதல் சில மணி நேரத்தில் தொடங்கினால் கிடைக்கிற பலன் மூன்றாம் நாள் தொடங்கினால் கிடைக்காது. சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்கு "திங்கக்கிழமை ஓ.பி.யில பாத்துக்குவோம்" என்று இருந்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது. கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவு ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.

அங்கே போனால் வாய் எழாது என்பது எனக்குத் தெரியும். இதை அப்படியே சொல்லுங்கள்: "நேற்று இரவு இத்தனை மணிக்குப் பாதுகாப்பில்லாத உறவு நடந்தது. பெப் மாத்திரை தொடங்க வேண்டுமா என்று கேட்க வந்தேன்." கதை தேவையில்லை. எந்த வகை உறவு, எத்தனை மணி நேரம் ஆயிற்று, எதிராளிக்குத் தொற்று இருப்பது தெரியுமா என்று மருத்துவர் கேட்பார், அதை வைத்து முடிவெடுப்பார். அரசுப் பக்கம் கிடைக்காவிட்டால் தனியார் மருத்துவமனைத் தொற்றுநோய் மருத்துவரும் எழுதித் தரலாம். மாத்திரை தொடங்கும் அன்றே ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவார்கள்.

டெட்டால் ஊற்றி உள்ளே கழுவுவது, எலுமிச்சம்பழம் தேய்ப்பது இதெல்லாம் வேண்டாம். புண்ணான தோலில் கிருமி சுலபமாக ஏறும். வெறும் தண்ணீரில் வெளிப்புறம் கழுவினால் போதும்.

பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும். எதிராளிக்கு எச்.ஐ.வி. இருந்து, மருந்தும் எடுக்காமல் இருந்தால், ஆண் பெண் உறவில் ஒரு தடவையில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-ல் 4 என்ற அளவிலும், பெண்ணுக்கு 8 என்ற அளவிலும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆசனவாய் உறவில் ஏற்பவருக்கு அது 138. இது சராசரிதான். புண் இருந்தாலோ, எதிராளிக்குத் தொற்று வந்து சில வாரங்களே ஆகியிருந்தாலோ கூடிவிடும். ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கர்ப்பமாயிருமோன்னு பயமா இருக்கு. மெடிக்கல்ல அந்த மாத்திரையக் கேட்டா மேலயும் கீழயும் பாக்குறாங்க.

ஊரில் எல்லோரும் ஐ-பில் என்று சொல்லும் அவசரக் கருத்தடை மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு மாத்திரை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம். ஆனால் தமிழ்நாட்டு மெடிக்கல்களில் இது பல வருடமாகவே குதிரைக்கொம்பு. டவுன்ஹால் ரோட்டிலிருந்து கே.கே. நகர் வரை அலைந்து பாதி நாளைத் தொலைப்பதைவிட, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மகப்பேறு மருத்துவரிடமோ நேராகப் போய்விடுவது நல்லது.

நம் பெண்கள் அதிகம் கேள்விப்படாத இன்னொரு வழி காப்பர்-டி. உறவு நடந்து 5 நாளுக்குள் பொருத்தினால் மாத்திரையைவிட உறுதியாகத் தடுக்கும். பொருத்திய பிறகு 10 வருடம்வரை அதுவே கருத்தடையாகவும் இருக்கும். அரசு மருத்துவமனையில் காசில்லை.

மாத்திரை விழுங்கி 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும். அடுத்த மாதவிலக்கு நாலைந்து நாள் முன்னே பின்னே வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இந்த மாத்திரை கலைக்காது. மாதாமாதம் இதையே நம்பியிருப்பதும் சரிவராது. அதற்கு அரசே 'அந்தரா' என்ற ஊசியையும், 'சாயா' என்ற மாத்திரையையும் தருகிறது. அந்தரா 3 மாதத்துக்கு ஒன்று. சாயா முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று.

காண்டம் நல்ல கம்பெனிதான். ஆனா அடிக்கடி கிழியுதே?

கம்பெனியைக் குறை சொல்லும் முன் வண்டி சீட்டைத் திறந்து பாருங்கள். வீட்டில் வைக்க முடியாது என்று வண்டிப் பெட்டியிலோ பர்ஸிலோ வைத்திருப்பீர்கள். மாட்டுத்தாவணி ஸ்டாண்டில் சித்திரை வெயிலில் பகல் முழுக்க நின்ற வண்டிக்குள் ரப்பர் என்ன ஆகும்? பாக்கெட்டை விரலால் அழுத்தினால் உள்ளே காற்று மெத்தென்று இருக்க வேண்டும். அந்தக் காற்று இல்லாவிட்டாலோ, காலாவதித் தேதி தாண்டியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

இரண்டாவது காரணம் தேங்காய் எண்ணெய். வறட்சிக்கு இதமாக இருக்கிறதே என்று தடவுவார்கள். எண்ணெய்ப் பொருள் எதுவும், வாசலின், பேபி ஆயில், நல்லெண்ணெய் உட்பட, லேட்டக்ஸ் ரப்பரை அரித்துவிடும். மினரல் ஆயில் பட்ட ஒரே நிமிடத்தில் ரப்பரின் பலம் பெரும்பகுதி போய்விடுவதை ஆய்வகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பெண்கள் பூஞ்சைத் தொற்றுக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் சில களிம்புகளும் இதே வேலையைச் செய்யும். மெடிக்கலில் தண்ணீரில் கரையும் லூப்ரிகன்ட் ஜெல் என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, போடும் முறை. பல்லால் பாக்கெட்டைக் கிழிக்காதீர்கள். நுனியை இரு விரலால் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டே அடிவரை உருட்டிவிட வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடக் கூடாது, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். முடிந்ததும் விறைப்பு தளரும் முன் அடிப்பக்கத்தைப் பிடித்தபடி வெளியே எடுங்கள். ரெட்டைக் காப்பு என்று ஒன்றின் மேல் ஒன்று போடுகிறவர்கள் உண்டு. உராய்ந்து இரண்டும் கிழியும்.

ஒரு வருடம் முழுக்க ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால் 100 பெண்களில் 2 பேர் கருத்தரிக்கலாம். ஊரில் நடைமுறையில் போடுகிற லட்சணத்தில் அது 13. வித்தியாசம் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது.

எச்.ஐ.வி. டெஸ்ட் எப்ப எடுக்கணும்? வீட்டுக்குத் தெரிஞ்சுருமா?

தொற்றிய மறுநாளே எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. தனியார் லேப்களில் உள்ள நான்காம் தலைமுறைப் பரிசோதனை பெரும்பாலும் 45 நாளுக்குள் காட்டிவிடும். விரைவுப் பரிசோதனை என்றால் 3 மாதம் முடிந்து ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். வாரா வாரம் வெவ்வேறு லேப்பில் குத்திக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். காசும் தூக்கமும் போவதுதான் மிச்சம்.

பெரியாஸ்பத்திரியிலும் தாலுகா அரசு மருத்துவமனைகளிலும் 'நம்பிக்கை மையம்' என்ற பலகை இருக்கும். இலவசம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாகப் பேசுவார். ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். வெவ்வேறு கிட்டுகளில் மறுபடி பார்த்துத்தான் சொல்வார்கள். 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, அதைக் காட்டி வேலையிலிருந்து தூக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது.

வராந்தாவில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு. மையத்து வாசலில் நிற்காமல், எதிர்ச் சுவரில் ஒட்டிய கண் தான போஸ்டரை நாலு தடவை படித்துக்கொண்டு நிற்பார்கள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு, காசநோய்க்காரர்களுக்கும் உண்டு. அந்த வரிசையில் நிற்பதால் யாரும் எதையும் முடிவுகட்ட முடியாது.

உறுப்புல ஒரு புண்ணு வந்துச்சு. வலியே இல்ல. தானா ஆறிப்போச்சு. விட்டுரலாமா?

விடவே கூடாது. வலிக்கும் புண்ணைக் காட்ட ஓடி வருவார்கள். ஆபத்து பெரும்பாலும் வலிக்காததில்தான். சிபிலிஸ் என்னும் மேகப்புண் அப்படித்தான். உறவுக்குப் பிறகு சுமார் 3 வாரத்தில் விளிம்பு கெட்டியான ஒரே ஒரு புண்ணாக வரும், சில வாரங்களில் தானே ஆறிவிடும். கிருமி ரத்தத்தில் உட்கார்ந்திருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத செம்புள்ளிகள் வரலாம். அதையும் வெயில்சூடு என்று சொல்லி விட்டுவிட்டால் வருடங்கள் கழித்து மூளை, இதயம் வரை போகும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் வந்தால் வைத்தியம் ஒரு பென்சத்தின் பெனிசிலின் ஊசிதான். 24 லட்சம் யூனிட், இடுப்பில் போடுவார்கள், வலிக்கும். ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற சாதாரணப் பரிசோதனையே கண்டுபிடித்துவிடும். கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளம் வந்து எரிந்தால் அது ஹெர்பிஸாக இருக்கலாம். அடியோடு போகாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம்.

சிறுநீர் போகும்போது எரியுது, சீழ் மாதிரி வருது. மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன்.

அரைகுறை ஆன்டிபயாடிக் வேண்டாம். இப்படிச் சீழ் வரவைக்கும் கொனோரியா என்ற பால்வினை நோயின் கிருமி பல மருந்துகளுக்கு மசியாத நிலைக்கு வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கென்று இருக்கும் 'சுகவாழ்வு மையம்' போனால் அறிகுறிக்கு ஏற்ப நிறம் பிரித்த மருந்துப் பெட்டி தருவார்கள். ஆண்குறியிலிருந்து சீழ் வந்தால் சாம்பல் நிறம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். பெண்ணுக்கு வெள்ளைப்படுதல் என்றால் பச்சை நிறம். பச்சைப் பெட்டியில் இருக்கும் செக்னிடசோல் சாப்பிட்டுவிட்டு மது குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம். "டாஸ்மாக் ஒரு நாள் லீவு" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் கண்டிப்பாகச் சொல்வார்.

இங்கே பெரிய தடை துணையைக் கூட்டி வருவது. புருஷன் தனக்கு மட்டும் மருந்து வாங்கிப் போவார். வீட்டம்மாவுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். பத்தே நாளில் திரும்ப வருவார். பெண்களுக்குக் கிளமிடியா போன்றவை அறிகுறியே காட்டாமல் கருக்குழாயை அடைத்துவிடும். பிற்பாடு குழந்தை இல்லை என்று அந்தப் பெண்ணைத்தான் கோயில் கோயிலாக அலையவிடுவார்கள். இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுங்கள், முடியும்வரை உறவு வேண்டாம்.

எல்லா வெள்ளைப்படுதலும் பால்வினை நோய் இல்லை. தயிர் மாதிரித் திட்டுத் திட்டாக, அரிப்போடு வந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும். மீன் வாடையோடு வருவது வேறு வகைத் தொற்று. அதை வைத்துப் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டுச் சண்டை போட வந்தவர்களும் உண்டு.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜுல வர்ற வைத்தியரப் பாக்கலாமா? சின்ன வயசுக் கைப்பழக்கத்தால நரம்பெல்லாம் தளந்துபோச்சு.

"வாலிப வயோதிக அன்பர்களே" என்று தொடங்கும் விளம்பரத்தைத் தமிழ்நாட்டில் படிக்காத ஆம்பளை இல்லை. ரூம் நம்பர் போட்டு, மாதத்தில் இன்ன தேதி என்று போட்டு வரும். உள்ளே போனால் கட்டிலில் ஒருத்தர், மேசையில் லேகிய டப்பாக்கள். நாடி பிடித்த மறு நிமிடம், "விந்து நீர்த்துப் போச்சு தம்பி, இப்படியே விட்டா கல்யாணமே பண்ண முடியாது" என்பார். அந்த வாக்கியத்துக்குத்தான் காசு. நாலு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

கைப்பழக்கத்தால் நரம்பு தளராது, உறுப்பு சிறுக்காது, எலும்பு மஜ்ஜை வற்றாது. விந்து உடம்பில் தொடர்ந்து உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் வெளியேறுவதும் இயல்பு. அது வெளியேறியதால்தான் அசதி, முதுகுவலி, ஞாபகமறதி என்று நம்பி வாடுவதற்கு மனநல மருத்துவத்தில் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர். பெயரிட்டவர் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக், வருடம் 1960. பயம்தான் அந்த நோய். அதைக் குணமாக்க ஆள் இருக்கிறது, லாட்ஜில் இல்லை.

பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டின் மாய மருந்துத் தடைச் சட்டப்படி குற்றம். சித்த மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

ரொம்ப நேரம் தாங்க மாட்டேங்குது. ஏதாவது மாத்திரை?

எவ்வளவு நேரம் என்று கேட்டால், செல்போன் வீடியோவில் பார்த்த அரை மணி நேரத்தைச் சொல்வார்கள். 5 நாடுகளில் 500 ஜோடிகளிடம் கடிகாரம் வைத்தே அளந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. நடுமட்டம் 5.4 நிமிடம். வீடியோவில் வெட்டி ஒட்டுவார்கள் என்பது சினிமா ஊர்க்காரர்களான நமக்குத் தெரியாதா என்ன.

விறைப்பே வருவதில்லை என்றால் அது வேறு கேள்வி. 40 வயதுக்கு மேல் அப்படி ஆனால் முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு பாருங்கள். ஆண்குறி ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு முதலில் அங்கே தெரிந்து, சில வருடம் கழித்து நெஞ்சில் தெரிவது உண்டு.

சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகளை மெடிக்கலில் ரகசியமாக வாங்கிப் போடுகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்: நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை வைக்கிறவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், இந்த மாத்திரை போட்டதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூட வந்த மச்சான் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். 'மூலிகை' என்று விற்கும் பொடிகளில் இதே மருந்தைச் சொல்லாமல் கலப்பதும் உண்டு. விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் அவசரப் பிரிவு. காலை வரை பொறுத்தால் உறுப்பு நிரந்தரமாகக் கெடலாம்.

வாய்வழி உறவுல நோய் வருமா?

எச்.ஐ.வி. வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சிபிலிஸ், கொனோரியா, ஹெர்பிஸ் வரும். தொண்டையில் கொனோரியா அறிகுறியே இல்லாமல் இருக்கும். ஈறில் ரத்தம், வாயில் புண், உதட்டில் கொப்புளம் இருக்கும்போது வேண்டாம். ஆசனவாய் உறவுக்குக் காண்டமும் ஜெல்லும் இரண்டுமே வேண்டும், அங்கே இயற்கையாக ஈரம் சுரக்காது. ஆசனவாயிலிருந்து அப்படியே பெண்ணுறுப்புக்குப் போகாமல் காண்டத்தை மாற்றுங்கள்.

வீடியோவுல பாத்துட்டு அவர் கழுத்தப் பிடிக்கிறார். வெளையாட்டுதான்னு சொல்றார். ஆபத்தா?

ஆபத்துதான். கழுத்து நெரிப்பில் பாதுகாப்பான முறை என்று ஒன்றே கிடையாது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அழுந்தினால் சுமார் 10 விநாடியில் நினைவு தப்பும். குழாயின் உள்சுவர் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்களும் இருக்கிறார்கள், கழுத்தில் ஒரு தடம்கூட இல்லாமல். பிறகு குரல் கம்மினாலோ, விழுங்க வலித்தாலோ, கண் வெள்ளையில் ரத்தப் புள்ளி தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கையைக் கட்டுவது போன்றவற்றில் இருவருக்கும் விருப்பம் என்றால் அது அவர்கள் பாடு. கட்டியவரைத் தனியே விட்டுப் போகக் கூடாது, கத்தரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், விரல் மரத்தால் உடனே அவிழ்க்க வேண்டும், "போதும்" என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கழுத்து அதில் சேராது.

மொத ராத்திரி ரத்தம் வரலன்னு மாமியார் வீட்டுல பேச்சு. வலியும் தாங்கல.

ரத்தம் வராத பெண்கள் ஏராளம். கன்னித்திரையின் தடிமனும் வடிவமும் ஆளுக்கு ஆள் மாறும். அதைப் பார்த்து எந்த மருத்துவராலும் எதையும் சொல்ல முடியாது, மாமியாரால் எப்படி முடியும்?

வலிக்குப் பெரும்பாலும் அவசரமும் வறட்சியும்தான் காரணம். மூன்று நாள் கல்யாண அலைச்சலுக்குப் பிறகு அன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு வாரம் பேசிப் பழகிவிட்டுத் தொடங்கலாம். தசை இறுகி உள்ளே நுழையவே விடாத நிலை இருந்தால் அதற்குப் பெயர் வெஜைனிஸ்மஸ். பயிற்சியாலும் ஆலோசனையாலும் சரியாகும், வலுக்கட்டாயத்தால் மோசமாகும். புது மாப்பிள்ளைக்கு முன்தோல் பின்னே போய்த் திரும்ப வராமல் வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உறவுக்குப் பிறகு எரிச்சலோடு அடிக்கடி சிறுநீர் வருவது புதுப்பெண்களுக்குச் சாதாரணம். முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். புகுந்த வீட்டில் பாத்ரூம் வெளியே இருக்கிறதே என்று விடியும்வரை அடக்கிவைப்பதுதான் பாதிச் சிக்கல். காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அவருக்கு எச்.ஐ.வி. எனக்கு இல்ல. புள்ள பெத்துக்க முடியுமா?

முடியும். 1986-ல் சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்த காலத்தில் இதற்குப் பதில் வேறாக இருந்தது. 2004-லிருந்து அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. இன்று நம் பெரியாஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்திலேயே வாங்கலாம். அவர் தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்து, அது அப்படியே நிலைத்துவிட்டால் உறவின் மூலம் உங்களுக்குத் தொற்றாது. இப்படிப்பட்ட ஜோடிகளிடம் ஐரோப்பாவில் காண்டம் இல்லாத சுமார் 58,000 உறவுகளைக் கணக்கெடுத்த ஆய்வு 2016-ல் வந்தது. துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவரும் இல்லை.

ஆகவே முதலில் 'வைரல் லோட்' பரிசோதனை, அதன் முடிவை வைத்து மருத்துவர் சொல்லும் காலம், பிறகு முயற்சி. அதுவரை காண்டம். மாத்திரையை நிறுத்தினால் கணக்கெல்லாம் தலைகீழாகும். சபரிமலைக்கு மாலை போட்டதற்காக மாத்திரையை விட்டவர் ஒருவருக்கு அக்கா விட்ட டோஸ் எங்கள் மையத்தில் பிரசித்தம்.

நாள் தள்ளிப்போச்சு. கல்யாணம் ஆகல. ஆஸ்பத்திரிக்குப் போனா புருஷன் கையெழுத்து கேப்பாங்களா?

18 வயது நிறைந்த பெண்ணின் கையெழுத்து ஒன்றே போதும். 1971-ம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து. 24 வாரம் வரை குறிப்பிட்ட நிலைகளில் இரண்டு மருத்துவர் கருத்து. திருமணமாகாதவருக்கும் அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்புச் சொன்னது. பெயரை வெளியிடக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

கலைப்பு மாத்திரை 9 வாரம் வரைதான். யாரிடமோ வாங்கி வீட்டில் விழுங்குவதில் உள்ள ஆபத்து, கரு கருப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்காமலே சாப்பிடுவது. குழாயில் தங்கிய கரு இந்த மாத்திரைக்குக் கலையாது, வெடிக்கும். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம், அல்லது மணிக்கு இரண்டு நாப்கின் நனைகிற அளவு ரத்தம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து போனால் 108-ஐ அழையுங்கள்.

எனக்கு ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்பு. வீட்டுல டாக்டர்கிட்ட கூட்டிப்போய் மாத்தணும்னு சொல்றாங்க.

மாற்றுவதற்கு அது நோயில்லை. வயது வந்தவர்கள் மனமொப்பிய உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் தொடர்ந்த வழக்கில்தான், 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி 'மாற்றுகிற' சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னார். மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

உடல்நலப் பக்கம் பார்த்தால்: காண்டமும் ஜெல்லும், 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றுக்கான தடுப்பூசி. துணைகள் மாறுகிறவர்கள் 'பிரெப்' என்கிற முன்தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஆப்பில் பழகியவரை முதன்முதலில் பார்ப்பது ஆள் நடமாட்டமுள்ள டீக்கடையாக இருக்கட்டும், ரிங் ரோட்டு ஓரம் வேண்டாம்.

தடுப்பூசி ஏதாவது இருக்கா?

இரண்டு. ஹெபடைடிஸ் பி: முதல் ஊசி, 1 மாதம் கழித்து, 6 மாதம் கழித்து என்று மூன்று தவணை. எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாகத் தொற்றும் கிருமி இது. நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது 2011-ல்தான், அதனால் இன்றைய பெரியவர்களில் பலர் போட்டிருக்க மாட்டார்கள். இன்னொன்று எச்.பி.வி. தடுப்பூசி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு. 9 முதல் 14 வயதில் போட்டால் முழுப் பலன். வயது வந்த பிறகும் போடலாம், பலன் குறையும். உள்நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் 2023-ல் வந்தது. ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் 30 வயதுக்கு மேல் அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் வயதைப் பார்க்காமல் உடனே.

ஹார்ட் ஆபரேஷன் ஆனவரு. இனிமே கூடாதா?

இரண்டு மாடிப் படியை நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் ஏற முடிந்தால் பொதுவாகக் கூடும். எப்போதிலிருந்து என்று உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார், நீங்களாகக் கேட்க மாட்டீர்கள், வருடம் ஓடிவிடும்.

வேண்டாம்னு சொல்லியும் நடந்துச்சு. போலீசுக்குப் போகப் பயம்.

முதலில் ஆஸ்பத்திரி. அரசோ தனியாரோ எந்த மருத்துவமனையும் உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ம் பிரிவு. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும். ஆனால் நீங்கள் புகார் கொடுத்தால்தான் வைத்தியம் என்று திருப்பி அனுப்ப முடியாது. மேலே சொன்ன பெப் மாத்திரையும் அவசரக் கருத்தடையும் இங்கேயும் மணிக்கணக்குதான். முடிந்தால் குளிக்காமல் போங்கள். உடுத்திய துணியைப் பாலிதீன் பையில் போடாமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். குளித்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, போங்கள். கணவர் என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் சேர்ந்திருக்கிறது. 181 பெண்களுக்கான எண், எந்நேரமும் எடுப்பார்கள். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097, மற்ற உடல்நலக் கேள்விகளுக்கு 104. பேர் சொல்லாமலே பேசலாம்.